கல்லீரல் ஆபரேஷனுக்கு முன் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது கல்லீரலின் வலது பக்கம் இரண்டு கட்டிகள் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்து, கீமோ கொடுத்தார்கள். அது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பும் இருக்கிறதாம். சர்ஜன் பேசும்போது, "வெட்டும் நேரத்தில் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை 15 நிமிடம் 15 நிமிடமாக நிறுத்துவோம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இணையத்தில் தேடினால், ரத்தம் நிற்கும்போது வரும் சேதத்தைவிட அது திரும்பிப் பாயும்போது வரும் சேதம்தான் அதிகம், ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்த எலிகளின் கல்லீரல் தப்பித்தது என்று ஏகப்பட்ட கட்டுரைகள். என் சித்தப்பா வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளுட்டாதயோன், கிரீன் டீ சாறு என்று நான்கு டப்பா வாங்கி வந்துவிட்டார். ஆபரேஷன் வரை அவற்றைக் கொடுக்கலாமா? டாக்டரிடம் கேட்டேன், "தேவையில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பதில்: நான்கு டப்பாவையும் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிப்பதற்குள் இன்னொரு வேளை மாத்திரை உள்ளே போய்விடக் கூடாது. உங்கள் டாக்டர் சொன்ன ஒற்றை வார்த்தை சரியானதுதான். ஆனால் மூன்று வாரம் பயந்துகொண்டிருக்கப் போகிற ஒரு மகளுக்கு அது போதாது. நான் கல்லீரல் அறுவை சிகிச்சை செய்பவன். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை விரித்துச் சொல்கிறேன்.

முதலில், ரத்தத்தை ஏன் நிறுத்துகிறோம்? கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. இதயம் வெளியே தள்ளுவதில் கால் பங்கு இந்த ஒரு உறுப்புக்கே. அதில் முக்கால் பாகம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. இப்படி ரத்தம் ஊறிய ஒரு உறுப்பை அப்படியே வெட்டினால் எவ்வளவு ரத்தம் கொட்டும் என்று உங்களுக்கே புரியும். நல்ல வேளையாக அந்த இரண்டு குழாய்களும் பித்தக் குழாயும் ஒரே கற்றையாகச் சேர்ந்துதான் கல்லீரலுக்குள் நுழைகின்றன. அந்தக் கற்றையை அழுத்திப் பிடித்தால் ரத்தப்போக்கு அடங்கும் என்று 1908-ல் எழுதியவர் கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். அடிபட்டுக் கல்லீரல் கிழிந்து வந்தவர்களைக் காப்பாற்றப் போராடியபோது அவர் கண்ட வழி அது. நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்றும் நாங்கள் 'பிரிங்கிள்' என்றுதான் சொல்கிறோம்.

தியேட்டரில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கற்பனையில் பயப்படுவதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் கற்றையைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு, நாடாவின் இரண்டு முனையையும் ஒரு சிறு ரப்பர் குழாய்க்குள் விட்டு இறுக்குவோம். உடனே நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொள்வார். செம்பழுப்பாக இருந்த கல்லீரல் மெல்ல மெல்ல மங்கி, கருநீலம் கலந்த நிறத்துக்குப் போகும். தொட்டால் முன்பு இருந்த விறைப்பு இருக்காது. "பத்து நிமிடம்" என்று நர்ஸ் குரல் கொடுப்பார். அப்புறம் "பதினைந்து". வெட்டிக்கொண்டிருப்பதை அந்த இடத்திலேயே நிறுத்தி, வெட்டுப் பரப்பின் மேல் ஈரத் துணியை வைத்து அழுத்திக்கொண்டு, நாடாவைத் தளர்த்துவோம். சில நொடிகளில் நிறம் திரும்ப ஆரம்பிக்கும். 5 நிமிடம் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்போம். எத்தனை வருடம் ஆனாலும் அந்த 5 நிமிடத்தில் நான் வேறு எங்கும் பார்ப்பதில்லை. நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் திரும்புகிறதா என்று பார்ப்பேன்.

ஆரோக்கியமான கல்லீரல் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் வரைகூட ரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். இருந்தும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிடுகிறோம். கொழுப்பு படிந்த கல்லீரல், கீமோ பார்த்த கல்லீரல் இரண்டுக்கும் அந்தத் தாங்கும் சக்தி குறைவு. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் இருப்பதால்தான் சர்ஜன் உங்களிடம் 15 நிமிடக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை உங்களைப் பயமுறுத்திவிட்டது. எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது.

சரி, நீங்கள் படித்த விஷயத்துக்கு வருவோம். ரத்தம் திரும்பும்போது சேதம் வரும் என்பது உண்மை. காரணம் இதுதான். ஆக்சிஜன் நின்றதும் செல்லின் சக்தி நாணயமான ஏடிபி வேகமாகத் தீர்கிறது. உப்பை வெளியே தள்ளும் பம்புகள் தளர்கின்றன, செல் வீங்குகிறது, கால்சியம் உள்ளே ஏறுகிறது. அதே நேரம், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற பொருள் எரிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது. நாடாவைத் தளர்த்தி ஆக்சிஜன் உள்ளே வந்ததும், சேர்ந்து கிடந்த சக்சினேட் ஒரேயடியாக எரிகிறது. அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் போக வேண்டிய திசைக்கு எதிராகத் திரும்பி ஓடி, வழியில் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு சூப்பர்ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக, அதாவது பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் மூலக்கூறாக, மாறுகின்றன. 2014-ல் வந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அதற்கு முன் 1980-களிலிருந்து சான்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத்தான் முக்கியக் குற்றவாளியாகச் சொல்லிவந்தார்கள். அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இது முதல் அலை. முதல் சில நிமிடங்களில் நடந்து முடிவது. இரண்டாவது அலை மெதுவாக வரும். கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் விழித்துக்கொண்டு தாங்களும் ஃப்ரீ ராடிக்கலை வெளியிடும், அபாய சமிக்ஞைகளையும் அனுப்பும். அதைக் கேட்டு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அடுத்த சில மணி நேரங்களில் வந்து குவியும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் கசியும் நொதி) ஏறியிருப்பது இந்த இரண்டும் சேர்ந்து செய்த வேலை.

ஃப்ரீ ராடிக்கல்தான் பிரச்சினை என்றால், அதை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் தீராதா? நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது: மருந்து போய்ச் சேரும் இடம், சேரும் நேரம், வேலை செய்யும் வேகம்.

கல்லீரலுக்குச் சொந்தமாக ஒரு பாதுகாப்புப் படை இருக்கிறது. சூப்பர்ஆக்சைடைப் பிடித்து மாற்றும் சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற நொதியை 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அறிவித்தார்கள். அது விட்டுச்செல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கையாள கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் இருக்கின்றன. இவை மைட்டோகாண்ட்ரியா உட்பட செல்லின் உள்ளே, சம்பவம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரே நொதி மூலக்கூறு திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்யும். வைட்டமின் மூலக்கூறு ஒன்று ஒரு ராடிக்கலைப் பிடித்தால் அதோடு செயலிழந்து நிற்கும், இன்னொன்று வந்து அதை மீட்டால்தான் மறுபடி உதவும். வாய்வழியாக விழுங்கிய மாத்திரை குடலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் வரை போய், அந்தச் சில நிமிட வெடிப்பின்போது போதுமான அளவில் அங்கே காத்திருக்க வேண்டும். அது நடப்பதில்லை. சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் நொதியையே ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். சில நிமிடங்களில் சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வெளியேற்றிவிட்டது, செல்லுக்குள்ளும் அது நுழையவில்லை.

குளுட்டாதயோன் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரைப் பார்த்தால் நேரடியாக மருந்து போலவே இருக்கும். உடம்பில் குளுட்டாதயோனைத் தயாரித்து மற்ற உறுப்புகளுக்கு அனுப்பும் தொழிற்சாலையே கல்லீரல்தான். நீங்கள் விழுங்கும் குளுட்டாதயோனில் பெரும்பகுதி குடலிலேயே மூன்று அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். முழுசாக ரத்தத்தில் வந்தாலும் கல்லீரல் செல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளாது, அந்த மூன்றில் ஒன்றான சிஸ்டீனை வாங்கித் தானே புதிதாகக் கட்டும். அந்தச் சிஸ்டீன் சாதாரணப் புரத உணவிலேயே கிடைக்கிறது.

என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஊசி மருந்தைப் பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள். அது நல்ல மருந்து, பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் உயிரைக் காப்பது. அங்கே கல்லீரலின் குளுட்டாதயோன் இருப்பு உண்மையிலேயே காலியாகிவிடுகிறது, இந்த மருந்து அதை நிரப்புகிறது. கல்லீரலை வெட்டும் ஆபரேஷனில் நிலைமை வேறு. அங்கே இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நோயாளிக்கு உறுதியான பலன் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் வழக்கமாக யாரும் கொடுப்பதில்லை.

அப்படியானால் எலிகள் எப்படித் தப்பித்தன? அந்தக் கட்டுரைகள் பொய்யில்லை. அவற்றில் பெரும்பாலும் இளம் எலி, கொழுப்பில்லாத கல்லீரல், அதில் 70 சதவீதத்துக்கு மட்டும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக ரத்தம் நிறுத்தப்படும். ரத்தத்தைத் திறப்பதற்குச் சற்று முன் கணக்காக மருந்து ஏற்றப்படும். சில மணி நேரம் கழித்து நொதி அளவைப் பார்ப்பார்கள். குறைந்திருக்கும், கட்டுரை வெளிவரும். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, கீமோ பார்த்த கல்லீரல், 15 நிமிடம் மூடி 5 நிமிடம் திறக்கும் முறை. சேதத்தைக் குறைக்கும் ஏற்பாடு அந்த முறையிலேயே இருப்பதால் மருந்து வந்து கூடுதலாகக் காப்பாற்ற மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். எஸ்ஜிபிடி நூறு குறைந்ததாலேயே ஒருவர் சீக்கிரம் வீடு திரும்புகிறார் என்றும் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் அது. 1986-ல் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை நடந்தது. பெரிய அடைப்பு உண்டாக்குவதற்கு முன் 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறப்பது என்று நான்கு முறை செய்தபோது, இதயத் தசையில் சேதம் வெகுவாகக் குறைந்தது. சின்னச் சின்ன நெருக்கடியால் உறுப்பு தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. கல்லீரல் ஆபரேஷனிலும் இதை முயன்றார்கள், முதலில் 10 நிமிடம் மூடி 10 நிமிடம் திறந்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குவது. அந்தத் தயாரிப்புக்கான சமிக்ஞைகளில் ஒன்று, சிறு அளவில் உண்டாகும் அதே ஃப்ரீ ராடிக்கல்தான். இதயத்தில் நடந்த விலங்குச் சோதனைகளில் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்து அந்தச் சமிக்ஞையை அடக்கியபோது பாதுகாப்பும் சேர்ந்தே போய்விட்டது. வலது பக்கத்தை எடுத்த பிறகு மீதிக் கல்லீரல் வளர வேண்டும், அதற்கும் இத்தகைய சமிக்ஞைகள் வேண்டும். அதனால்தான் எல்லா ராடிக்கலையும் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் ஒத்துப்போவதில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் நியாயமாக வேலைக்கு வைக்கப்பட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு, அது உறுப்பு மாற்று சிகிச்சை. தானமாகக் கிடைத்த கல்லீரலை ஐஸில் வைத்து எடுத்துவரும்போது அதன் குழாய்களுக்குள் செலுத்தும் திரவத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் 1980-களில் உருவாக்கினார்கள். குளுட்டாதயோனும், சான்தீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் அலோபுரினாலும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உறுப்பு உடம்புக்கு வெளியே இருக்கிறது, திரவம் நேரே உள்ளே போகிறது, அதனால் அங்கே அதைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இப்போது அதற்கும் மேலே ஒரு படி போயிருக்கிறார்கள். பொருத்துவதற்கு முன், குளிர்ந்த நிலையிலேயே ஆக்சிஜன் கலந்த திரவத்தை இயந்திரம் மூலம் கல்லீரலுக்குள் சுற்றவிடுகிறார்கள். சேர்ந்திருந்த சக்சினேட் நிதானமாக எரிந்து தீர்கிறது, அப்புறம் சூடான ரத்தம் வரும்போது வெடிப்பு பெரிதாக இருப்பதில்லை. மடையை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது மாதிரி. இதயம் நின்ற பிறகு தானமளித்தவர்களின் கல்லீரல்களில் இதைச் சோதித்த ஆய்வு 2021-ல் வெளியானது. பித்தக் குழாய்ச் சுருக்கம் என்ற கொடிய சிக்கல் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகிற 15 நிமிடம், 5 நிமிடம் என்ற முறையும் இதே குடும்பம்தான். ராடிக்கல் உண்டான பிறகு துடைப்பதைவிட, பெரிதாக உண்டாகாமல் பார்த்துக்கொள்வது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சித்தப்பா கேட்பார். கெடுதல் இருக்கிறது. வைட்டமின் ஈ அதிக அளவில் போனால் ரத்தம் உறைவதைப் பாதிக்கும். கல்லீரலை வெட்டும் ஆபரேஷனில் எங்கள் முதல் கவலையே ரத்தப்போக்குதான். கிரீன் டீ சாறு மாத்திரையோ கல்லீரலையே தாக்கக்கூடியது. அதில் உள்ள இஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. தேநீராகக் குடிப்பதும் செறிவூட்டி மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றில்லை.

என்னிடம் வந்த ஒருவரின் கதை நினைவுக்கு வருகிறது. ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன் எடுத்த பரிசோதனையில் எஸ்ஜிபிடி 300-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் சரியாக இருந்தது. வைரஸா, கீமோவின் பின்விளைவா, பித்தக் குழாயில் அடைப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். "வேறு மாத்திரை ஏதாவது?" என்று நான் கேட்டபோதெல்லாம் "இல்லை" என்றார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மாத்திரையே இல்லை, சத்துப் பொருள். கடைசியில் அவர் மனைவி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். கிரீன் டீ சாறு. நிறுத்தினோம், சில வாரங்களில் இறங்கியது. ஆனால் கட்டியோடு அவர் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து நான் "மாத்திரை" என்று கேட்பதில்லை, "வாயில் போடும் எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாருங்கள்" என்கிறேன்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. மது பழக்கம் இருந்தால் இன்றோடு முழுசாக நிறுத்தம். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். தினமும் நடக்கட்டும், மூச்சு வாங்கும் அளவுக்கு. கொழுப்பு இருக்கிறது என்றீர்களே, அது முக்கியம். ஆபரேஷனுக்கு முந்தைய ஒன்று இரண்டு வாரம் கலோரி குறைந்த உணவு கொடுத்தால் கல்லீரலின் கொழுப்பும் ஆபரேஷனில் ரத்தப்போக்கும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இதை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். கீமோவுக்குப் பிறகு உடம்பு இளைத்திருந்தால் பட்டினி போடுவது நேர்மாறாக முடியும். பட்டினியில் கல்லீரலின் குளுட்டாதயோன் இருப்பே குறைந்துவிடும். அப்பாவுக்கு இது பொருந்துமா, புரதம் எவ்வளவு வேண்டும் என்று சர்ஜனிடமும் உணவியல் நிபுணரிடமும் கேளுங்கள். கீமோ முடிந்து கடைசியில் ஏழு வாரம் ஆகியிருக்கும், அந்த இடைவெளி போதுமானது. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு என்று பல வீடுகளில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தெளிவான நீராகாரத்தை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும். அப்பாவுக்கு எத்தனை மணி என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரும்போது பதறக் கூடாது என்பதற்காக ஒரு விஷயம். எஸ்ஜிபிடி, அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி இரண்டும் முதல் இரண்டு நாளில் பல நூறுகளுக்கு ஏறும், சிலருக்கு ஆயிரத்தைத் தொடும். 40-க்குள் இருக்க வேண்டியது 600 என்று பார்த்தால் நெஞ்சு அடைக்கும்தான். அது ஏறியதைவிட, அப்புறம் நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். மீதியிருக்கும் கல்லீரல் வேலை செய்கிறதா என்பதை பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறப்பொருள்), ஐஎன்ஆரும் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) தான் சொல்லும். 5-ஆம் நாள் இந்த இரண்டும் ஏறியே இருந்தால் டாக்டர்கள் கவனத்தைக் கூட்டுவார்கள். இறங்கிய எண் மறுபடி ஏறினாலோ, அப்பா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். வலிக்கு பாரசிட்டமால் கொடுப்பதானால் அளவை அவர்கள் தீர்மானிக்கட்டும், வீட்டிலிருந்து கொண்டுபோனதை நடுவில் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா மேல் கோபப்பட வேண்டாம், அண்ணனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பில்தான் வாங்கி வந்திருக்கிறார். தினமும் காலையில் அப்பாவோடு சேர்ந்து நடக்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். டப்பாக்களில் எதையாவது ஏற்கெனவே திறந்திருந்தால், எது, என்ன அளவு, எத்தனை நாள் என்று எழுதி, லேபிளைப் படம் எடுத்து நாளையே ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். கிரீன் டீ மாத்திரை போயிருந்தால் எஸ்ஜிபிடியை ஒருமுறை இப்போதே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.